அதட்டினால் சீனி குறையுமா?



"டிஸ்பென்சரிக்குப் போனாலே ஏச்சுத்தான், எதுக்குப் போகணும்?" என்று இனிப்புநீர் உள்ள பலர் கார்டை வீட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். காலில் புண் புரையோடிய பிறகுதான் வருவார்கள். ஏச்சுக்குப் பயந்து காலை இழப்பதா? இதே சங்கடம் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கும் உண்டு. அவர்கள் கண்ட வழியைக் கேளுங்கள்.

அவர்கள் கதை நமக்கு அந்நியமில்லை. அங்கே மாட்டுப் பண்ணைகளில் உழைத்த பூர்வகுடியினருக்குச் சம்பளம் பெயருக்குத்தான். மாவு, சீனி, தேயிலை, உப்பிட்ட இறைச்சி, இவைதான் படி. 1966-இல் வேவ் ஹில் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் அவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறியது பேர்போன போராட்டம். வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்த உடம்பில் வெள்ளை மாவும் சீனியும் சேர்ந்தால் என்னவாகும்? இன்று அங்கே மற்றவர்களைவிட அவர்களிடம் இனிப்புநீர் சுமார் 3 மடங்கு.

1982-இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி பகுதியைச் சேர்ந்த 10 நோயாளிகள் 7 வாரம் பாட்டன் பூட்டன் நிலத்துக்குத் திரும்பினார்கள். கங்காரு, மீன், கிழங்கு என்று தாங்களே தேடிச் சாப்பிட்டார்கள். கெரின் ஓ'டே என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தார். சராசரி 8 கிலோ எடை இறங்கியது. இரத்தச் சீனியும் நன்றாக இறங்கியது.

எல்லாரும் காட்டுக்குப் போக முடியுமா? முடியாது. ஆனால் வைத்தியம் தன் மக்களோடு ஒட்டி இருக்கலாம் அல்லவா? 1971-இல் சிட்னி ரெட்பெர்னில் பூர்வகுடி மக்களே நடத்தும் முதல் மருத்துவ நிலையம் திறந்தது. 2009-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு டெலிபோன் வழியாக இலவச சுகாதார வழிகாட்டலைத் தொடங்கியது. மற்றவர்களுக்கு 10 அழைப்பு. பூர்வகுடியினருக்கென அமைத்த திட்டத்தில் 13. நம்பிக்கை வளர நேரம் வேண்டுமே!

அவர்கள் பேச்சு முறைக்கு 'யார்னிங்' என்று பெயர். குடும்பம், ஊர் நடப்பு எல்லாம் பேசி, அதன் நடுவே உடம்பைப் பற்றியும் பேசுவது. பெண்கள் சமாசாரத்தைப் பெண்ணும், ஆண்கள் சமாசாரத்தை ஆணும் பேசினால்தான் மரியாதை. "சீனியை நிறுத்து" என்ற அதட்டல் இல்லை. "இந்த வாரம் உங்களால் எது முடியும்?" என்றுதான் கேட்பார்கள்.

நாமும் செய்யலாமே:

1. வாரம் ஒரே ஒரு மாற்றம். காலைத் தேத்தண்ணியில் டின் பாலைப் பாதியாக்குங்கள். அது பழகட்டும், அடுத்த வாரம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள்.

2. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டாளியாக்குங்கள். மாலையில் சேர்ந்து அரை மணி நடங்கள். பேசிக்கொண்டே போனால் தூரம் தெரியாது.

3. தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

4. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என்னைப் போன்ற ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கும் ஒரு வார்த்தை: கார்டைப் பார்க்கும் முன் ஆளின் முகத்தைப் பார்ப்போம், வீட்டில் என்ன சமையல் என்று விசாரிப்போம். அன்பாகக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால்தான் காலைக் காப்பாற்ற முடியும்.