முரளியைச் சுழலவைத்த பயிற்றுநர்

ஸ்கோர் அட்டையில் பந்து வீசியவரின் பெயர் இருக்கும், பிடி எடுத்தவரின் பெயர் இருக்கும். பயிற்றுநரின் பெயருக்கு அங்கே இடமில்லை. 2010 ஜூலை 22ஆம் திகதி காலி மைதானத்தில் பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தபோது, முத்தையா முரளிதரன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டார். அந்த 800க்கும் விதை போட்டவர் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ.

ஒன்பது வயதில் அந்தக் கல்லூரியில் சேர்ந்த முரளி, முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதானபோது, வேகத்தை விட்டுவிட்டு ஓஃப் ஸ்பின் போடும்படி சொன்னவர் சுனில் பெர்னாண்டோ. பையனும் மாறினான். கல்லூரியின் முதல் பதினொருவர் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடி, கடைசி இரண்டு பருவங்களில் மட்டும் நூறுக்கும் அதிகமான விக்கெட்டுகளைச் சாய்த்து, 1990/91இல் ‘பாட்டா’ விருதில் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரானான்.

பதினான்கு வயதுப் பையனிடம் அப்படிச் சொல்வதற்குப் பயிற்றுநருக்குத் துணிச்சல் வேண்டும். பாடசாலை அணிக்கு இந்த வாரமே வெற்றி தேவை. பழைய மாணவர்களும் பெற்றோரும் எல்லைக்கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரளவு நன்றாகவே வீசும் பையனை மாற்றினால், இந்தப் பருவம் வீணாகிப் போகலாம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் பலனை இன்றே கணக்குப் பார்ப்பவரே அந்த ஆபத்தை ஏற்பார்.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. மணிக்கட்டோ எந்தப் பக்கமும் வளைந்து சுழலக்கூடியது. இன்னொரு பயிற்றுநர் அந்தக் கையைப் பாடப்புத்தகப் பாணிக்குத் திருத்தப் புறப்பட்டிருந்தால், மணிக்கட்டால் சுழற்றும் அந்த அபூர்வ ஓஃப் ஸ்பின்னை உலகம் கண்டிருக்காது. பையனிடம் இருப்பதைத் தேய்க்காமல், அதற்கேற்ற வேலையைக் கொடுப்பதுதான் கல்லூரிப் பயிற்றுநரின் தொழில்.

பலன் உடனே வரவில்லை. 1991இல் இலங்கை ‘ஏ’ அணியோடு இங்கிலாந்து சென்று ஐந்து ஆட்டங்கள் ஆடிய முரளிக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்டில் இறங்கினார். 1995 டிசம்பர் 26இல் மெல்போர்னில் நடுவர் டரெல் ஹெயார் அவரது பந்துகளை ஏழு தடவை ‘நோ போல்’ என்றார். அத்தனையையும் தாங்கி 133 டெஸ்ட்கள் ஆடிய அந்தக் கைக்கு, கட்டுகஸ்தோட்டை வலைப்பயிற்சிதான் அத்திவாரம்.

இந்தக் கதை மலையகத்துக்கு மிக நெருக்கமானது. முரளியின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். தந்தை முத்தையா குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியதால், மகன் நகரத்துக் கல்லூரிக்குப் போனான், பயிற்றுநரும் கிடைத்தார். லயத்திலேயே வளர்ந்திருந்தால் அவனுக்கு யார் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்?

மலையில் மைதானமே இல்லையென்று சொல்ல முடியாது. நானுஓயாவை அடுத்த ரதல்லையிலும், டிக்கோயா தரவளையிலும் துரைமார் தங்கள் கிளப்புகளுக்காக அமைத்த பச்சை மைதானங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதையைச் சொல்கின்றன. வெளிநாட்டு அணிகளே ரதல்லையில் ஆடியிருக்கின்றன. சுற்றிலும் மலையைச் செதுக்கித் தேயிலை நட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ, லயத்து முற்றமும் ரோட்டு வளைவும் டெனிஸ் பந்தும்தான். பந்து சரிவில் உருண்டால் கொழுந்துச் செடிகளுக்குள் இறங்கித் தேட வேண்டும். அந்தப் பிள்ளைகளின் கால்களில் மலையேறிய பலம் இருக்கிறது. கைகளில் கொழுந்து பறித்த தலைமுறைகளின் வேகம் இருக்கிறது. அதைப் பார்த்து, “நீ இதைப் போடு” என்று சொல்ல ஆள் இல்லை.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலைகளில், விளையாட்டுப் பயிற்றுநர் என்பது கடைசிக் கவலையாகிவிடுகிறது. பாடசாலைக்கு ஒருவர் உடனே முடியாதென்றால், நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஆகிய ஐந்து கல்வி வலயங்களுக்கும் நிரந்தரப் பயிற்றுநர்களை நியமித்து, அருகருகே உள்ள பாடசாலைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஒரு பருவத்துக்கு வந்து போகிறவர் போதாது. பத்து வயதில் பார்த்த பிள்ளையைப் பத்தொன்பது வரை கூடவே நின்று வளர்ப்பவர் வேண்டும். ஆண்டுக்கொரு தடவை ஜெர்சியும் மட்டையும் பகிர்ந்தளிக்கும் அரசியல்வாதிகளும் தொழிற்சங்கங்களும், அதற்கு முன்னதாக இந்த நியமனங்களைக் கேட்டு வாங்கித் தரட்டும்.