தக்: ஒரு சொல் சட்டமான கதை

வாயடைக்கும்படி யாராவது பதில் சொல்லிவிட்டால், கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு ‘தக் லைஃப்’ என்று மீம் போடுவது நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. 2025-ல் மணிரத்னம் படத்துக்கே அது பெயரானது. ராப் பாடகர் டூபாக் வழியாக உலகெங்கும் பரவிய அந்தச் சொல்லின் சொந்த ஊர் இந்தியாதான்.

இந்தியில் ‘டக்’ என்றால் ஏமாற்றுக்காரன், மோசடிக்காரன். இன்றும் வடக்கே அதே பொருள்தான். முரட்டு ரவுடி என்ற பொருளை ஏற்றியது ஆங்கிலம்.

1830களில் ஜபல்பூர், சாகர் வட்டாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன், ‘தக்’ என்று அழைக்கப்பட்ட வழிப்பறிக் கும்பல்களை வேட்டையாடினார். பயணிகளோடு நல்லவர்கள்போல் சேர்ந்து நடப்பது, சமயம் பார்த்துத் துணியால் கழுத்தை இறுக்குவது, பொருளைப் பறித்துக்கொண்டு உடலைப் புதைத்துவிடுவது அவர்கள் வழக்கம். தெற்கே இப்படிப்பட்டவர்களுக்கு ‘பான்சிகர்’ என்று பெயர். சுருக்குப் போடுகிறவர் என்று பொருள். சென்னையில் மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஷெர்வுட் 1816-லேயே இவர்களைப் பற்றி எழுதிவிட்டார்.

கொலைகள் நடந்தது உண்மை. ஆனால் பிடிபட்டவர்களையே அப்ரூவராக்கி, அவர்கள் கைகாட்டியவர்களைப் பிடித்து, காளிக்குப் பலி கொடுக்கும் பரம்பரைக் கூட்டம் என்ற பெரிய சித்திரத்தை ஸ்லீமன் எழுப்பினார். அவர்களுடைய ரகசியப் பேச்சுக்கு 1836-ல் அகராதியே போட்டார். 1839-ல் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவல் அந்தச் சித்திரத்தை இங்கிலாந்தின் வீடுகளுக்குள் கொண்டுபோனது.

எனக்கு ஆறாத விஷயம், அதே 1836-ல் வந்த சட்டம். தக் கும்பலைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தால் போதும், ஆயுள் முழுக்கக் கடுங்காவல். யாரைக் கொன்றார், எங்கே கொன்றார் என்று காட்ட வேண்டியதில்லை. சட்டம் வருவதற்கு முன்பே சேர்ந்திருந்தாலும், கம்பெனி எல்லைக்கு வெளியே சேர்ந்திருந்தாலும் தண்டனை உண்டு. தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பச்சை குத்தினார்கள். செய்த செயலுக்கு அல்ல, சேர்ந்த கூட்டத்துக்குத் தண்டனை என்ற விபரீதம் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் அதை இன்னும் நீட்டியது. இப்போது பிறப்பே போதும் என்றாயிற்று. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும், போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உழுது பிழைத்த குடியானவனுக்கும் இதே கதிதான். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தார்கள். அதற்கு ஆளான மக்களை இன்று சீர்மரபினர் என்கிறோம். ஆனாலும் அவர்களைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் நீடித்தன. அவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில்தான்.