விடுபட்ட ஒரு வரி

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவர் எழுதியது)

தேர்வெழுதித் தேர்ச்சியும் பெற்ற ஒரு பாடம் மதிப்பெண் பட்டியலில் விடுபட்டுப் போனால் நாம் என்ன செய்வோம்? பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்கு ஓடுவோம். படித்ததும் உண்மை, எழுதியதும் உண்மை, தேறியதும் உண்மை. ஆயினும் அந்த உண்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழும். ஏனெனில் பட்டியலில் இல்லாத பாடத்தை உலகம் ஒப்புக்கொள்வதில்லை.

இதே நிலை போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு வீரருக்கு நேர்ந்தால்? அதுவும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், உடனிருந்த தோழர்கள் மறைந்து, தளபதியும் மறைந்து, காகிதங்களும் அழிந்துபோன பின் நேர்ந்தால்? அமெரிக்க நாட்டில் முன்னாள் படைவீரர்கள் பலர் இந்த நிலையைச் சந்தித்திருக்கிறார்கள். "என் பணிப்பதிவேட்டில் என் விருதுகள் விடுபட்டுள்ளன, அவற்றைச் சேர்த்துத் தர வேண்டுகிறேன்" என்று அவர்கள் எழுதும் விண்ணப்பத்திற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. அதனைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தாளின் மதிப்பு

அமெரிக்கப் படையிலிருந்து விடுபடும் ஒவ்வொருவருக்கும் ஒரு விடுவிப்புச் சான்றிதழ் தரப்படுகிறது. 1950 முதல் வழக்கில் உள்ள இப்படிவத்தின் பெயர் 'டி.டி. 214'. எப்போது சேர்ந்தார், எப்போது விடுபட்டார், என்ன பதவி வகித்தார், என்ன பயிற்சி பெற்றார் என்பனவெல்லாம் அதில் இருக்கும். பதக்கங்களுக்கும் சின்னங்களுக்கும் தனியே ஒரு கட்டம் உண்டு. இன்றைய படிவத்தில் அது 13ஆம் கட்டம்.

அந்தக் கட்டத்தில் ஒரு வரி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். 'பர்ப்பிள் ஹார்ட்' எனப்படும் ஊதா இதயப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1782இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய தகுதிச் சின்னம் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்து, அவருடைய இருநூறாவது பிறந்த நாளான 1932 பிப்ரவரி 22இல் இப்பெயருடன் புத்துயிர் பெற்றது. பகைவரால் காயமுற்றவர்களுக்கும் உயிர் நீத்தவர்களுக்கும் உரியது அது. அதனைப் பெற்றவருக்கு முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் முன்னுரிமை உண்டு. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்படும் உரிமையும் உண்டு. ஆகவே அந்த ஒரு வரி வெறும் அலங்காரமன்று. மருத்துவமும் மண்ணும் அதனைச் சார்ந்திருக்கின்றன. மற்றப் பதக்கங்கள் பலவற்றால் இத்தகைய பயன் எதுவுமில்லை. இருந்தும் முதியவர்கள் அவற்றையும் விடாமல் கேட்கிறார்கள். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

விருதுகள் எவ்வாறு விடுபடுகின்றன?

விருதுகள் மூவகைப்படும். ஒருவர் செய்த வீரச்செயலுக்காக, மேலதிகாரி பரிந்துரைத்து, எழுத்து மூலமான ஆணையால் வழங்கப்படுவது முதல் வகை. இன்ன காலத்தில் இன்ன போர்க்களத்தில் பணியாற்றியவர் அனைவருக்கும் விதிப்படி உரியது இரண்டாம் வகை. ஒரு படைப்பிரிவு முழுமைக்கும் வழங்கப்பட்டு, அப்போது அதில் இருந்தவர்களைச் சேர்வது மூன்றாம் வகை.

முதல் வகையில் ஆணைத்தாள் கோப்பில் சேராமற் போகலாம். காயமுற்றவர் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும்போது, அவருடைய காகிதங்கள் பழைய பிரிவிலேயே தங்கிவிடலாம். மூன்றாம் வகையிலோ, வீரர் வீடு திரும்பிய பிறகு அவருடைய பிரிவுக்கு விருது அறிவிக்கப்படலாம். 1945இல் போர் முடிந்ததும் இலட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் விடுவிக்கப்பட்டனர். வீடு செல்லத் துடித்த இளைஞரும், குவிந்த காகிதங்களோடு மல்லாடிய எழுத்தரும், எல்லாக் கட்டங்களையும் சரிபார்த்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க இயலுமா?

இரண்டாம் வகைக்கு ஒப்பானதொரு நிகழ்ச்சி சுவையானது. வெண்கல நட்சத்திரப் பதக்கம் 1944இல் ஏற்படுத்தப்பட்டது. 1947இல் புதிய விதியொன்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்ச் சின்னமோ, மருத்துவப் பணியாளருக்கான போர்ச் சின்னமோ பெற்ற தரைப்படை வீரர்கள், அச்சின்னத்தின் பேரிலேயே வெண்கல நட்சத்திரத்திற்கும் உரியவர்கள் என்றது அவ்விதி. சேற்றிலும் பனியிலும் நடந்து போரின் பெருஞ்சுமையைத் தாங்கியவர்கள் அவர்களே என்பதால் இச்சிறப்பு. ஆனால் விதி பிறந்த நாளில் அவர்களிற் பெரும்பாலோர் ஊர் திரும்பி, வயலிலோ ஆலையிலோ வேலை செய்துகொண்டிருந்தனர்! அவர்களுடைய சான்றிதழ்கள் அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தன. தமக்கு ஒரு பதக்கம் காத்திருக்கிறது என்பதை யாராவது சொன்னாலன்றி அவர்கள் அறிய வழியில்லை.

சாம்பலான கோப்புகள்

சான்றிதழில் இல்லாவிட்டால் மூலக்கோப்பில் இருக்குமே என்று தோன்றும். அங்கேதான் பெரிய இடி விழுந்தது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டித் தேசியப் பணியாளர் ஆவண மையம் இருந்தது. 1973 ஜூலை 12ஆம் நாள், நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், அதன் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. பல ஊர்த் தீயணைப்புப் படைகள் நாட்கணக்கில் போராடின. கோப்பு மாடிகளில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. கோப்புகளுக்குப் படியும் இல்லை, நுண்படமும் இல்லை.

ஒரு கோடியே 60 இலட்சம் முதல் ஒரு கோடியே 80 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 சனவரி வரை விடுபட்ட தரைப்படையினரின் கோப்புகளில் நூற்றுக்கு 80 போயின. 1947 செப்டம்பர் முதல் 1964 சனவரி வரை விடுபட்ட விமானப்படையினரில், பெயர் வரிசையில் 'ஹப்பர்ட்' என்பதற்குப் பின் வருவோரின் கோப்புகளில் நூற்றுக்கு 75 போயின. இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பங்கேற்ற தரைப்படையினரின் கதை பெரும்பாலும் இவ்வாறு புகையாயிற்று.

தீ தின்றது போக மீதியை நீர் நனைத்தது. நனைந்த தாள்களைப் பூஞ்சை பிடிக்குமுன் உலர்த்த வேண்டியிருந்தது. விண்வெளிப் பயணச் சோதனைக்காக மக்டானல் டக்ளஸ் விமான நிறுவனம் அமைத்திருந்த வெற்றிட அறை இதற்குப் பயன்பட்டது. நிலவுக்குச் செல்வோருக்காகத் தோன்றிய தொழில்நுட்பம் பழைய போர்வீரரின் காகிதத்தைக் காத்தது எனலாம். இவ்வாறு சுமார் 65 இலட்சம் கோப்புகள், விளிம்பு கருகியும் கறைபட்டும், மீட்கப்பட்டன.

விண்ணப்பமும் சான்றும்

இனி விண்ணப்பத்தின் வழியைப் பார்ப்போம். வீரர், அவர் மறைந்திருந்தால் நெருங்கிய உறவினர், '180' என்ற எண்ணுள்ள படிவத்தின் வாயிலாக ஆவண மையத்தைக் கேட்கலாம். மையம் இருக்கின்ற பதிவுகளைப் புரட்டிப் பார்க்கும். உரிமை தெளிவாக இருந்தால், உரிய படைத்துறை பதக்கத்தை அனுப்பும். பழைய சான்றிதழைக் கிழித்துப் புதிது எழுதுவது வழக்கமன்று, 'டி.டி. 215' என்ற திருத்தத் தாள் அதனுடன் இணைக்கப்படும்.

உரிமை தெளிவாக இல்லையேல் 'டி.டி. 149' என்ற படிவத்துடன் படைப்பதிவுத் திருத்த வாரியத்தை நாட வேண்டும். 1946இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழிவந்த இவ்வாரியத்தில் முடிவு கூறுவோர் சீருடை அணிந்தவர்கள் அல்லர், குடிமக்களே. பிழையைக் கண்ட மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் நீதியின் பொருட்டு அந்த எல்லையைத் தளர்த்தும் அதிகாரமும் வாரியத்திற்கு உண்டு. அன்றைய மேலதிகாரி பரிந்துரையே எழுதாமல் விட்டிருந்தால் வழி வேறு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாயிலாகப் புதிதாகப் பரிந்துரை செய்து, காலம் கடந்தும் பரிசீலிக்குமாறு கேட்கலாம்.

வாரியம், பதிவில் இருப்பது சரி என்று கொண்டே விசாரணையைத் தொடங்குகிறது. தவறு என்று காட்டும் சுமை விண்ணப்பித்தவருடையது. ஊதா இதயம் கேட்பவர் மூன்றை நிறுவ வேண்டும்: காயம் பகைவரால் நேர்ந்தது; அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது; அச்சிகிச்சை அலுவல் முறையில் பதிவாயிற்று. உடலில் தழும்பு இருந்தால் மட்டும் போதாது. தழும்புக்கும் ஒரு தாள் வேண்டும்!

மூலக்கோப்பு எரிந்தவருக்குத் தாள் எங்கே கிடைக்கும்? இங்கேதான் வரலாற்று மாணவர்களாகிய நமக்குப் பழக்கமான வேலை தொடங்குகிறது. ஒரு சான்று அழிந்தால் அதனைச் சுற்றியுள்ள சான்றுகளைத் தேட வேண்டும். படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையில், யார் வந்தார், யார் காயமுற்றார், யார் மருத்துவமனை சென்றார் என்பது இருக்கும். இறுதிச் சம்பளப் பட்டியல் பணிக்காலத்தைக் காட்டும். 1988இல் இன்னொரு புதையலும் கிடைத்தது. தரைப்படைத் தலைமை மருத்துவர் அலுவலகம் தொகுத்திருந்த, மருத்துவமனைச் சேர்க்கை பற்றிய சுமார் ஒரு கோடிப் பதிவுகள் கணிப்பொறி நாடாக்களில் இருந்ததைத் தேசிய அறிவியல் கழகத்தார் கண்டறிந்தனர். அவை ஆவண மையத்தைச் சேர்ந்தன. வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கடிதமும், உடனிருந்த தோழரின் சத்தியக் கூற்றும்கூடத் துணையாகலாம்.

இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று நாம் கேட்கலாம். வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகக் கூறித் திரிவோர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்காவில் இதனைத் தடுக்க 2006இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பொய் சொல்வதை மட்டுமே குற்றமாக்குவது பேச்சுரிமைக்கு முரண் என்று 2012இல் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. பொய்யால் ஆதாயம் தேடுவதைக் குற்றமாக்கி 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. சான்றில்லாமல் பதக்கம் கொடுத்தால், சான்றுடன் பெற்றவரின் பதக்கத்திற்கும் மதிப்பு இராது. ஆனால் சான்றைக் காக்கத் தவறியது அரசாக இருக்கும்போது, அதன் விளைவை வீரர் மட்டும் சுமப்பது முறையா? இந்த இரு நியாயங்களுக்கும் இடையேதான் ஒவ்வொரு விண்ணப்பமும் நிற்கிறது.

ஒரு சார்ஜண்டின் கதை

தீயால் அழிந்த பதிவுகள் ஒருபுறமிருக்க, மனிதரின் தப்பெண்ணத்தால் எழுதப்படாத பதிவுகளும் உண்டு. அதற்கு எட்வர்ட் கார்ட்டரின் வாழ்க்கை சான்று. 1916இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த இவருடைய தந்தை கறுப்பின அமெரிக்கர், சமயப் பணியாளர். தாய் இந்தியப் பெண்மணி. இளமையை இந்தியாவிலும், பின் சீனத்து ஷாங்காயிலும் கழித்தவர். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்டவர்.

1941இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து சார்ஜண்ட் ஆனார். கறுப்பின வீரர்களுக்கு அன்று பெரும்பாலும் சரக்கு ஏற்றி இறக்கும் பணிகளே கிடைத்தன. போர்முனைக்கு ஆள் குறைந்தபோது அவர்களிலிருந்து தொண்டர்கள் அழைக்கப்பட்டனர். ஆனால் வெள்ளையருக்கு ஆணையிடும் நிலை வந்துவிடாதபடி, பதவியைத் துறந்து வர வேண்டுமென்று நிபந்தனை. கார்ட்டர் தம் பட்டைகளைக் கழற்றிக் கொடுத்துச் சாதாரண வீரராகப் போர்முனை சென்றார். 1945 மார்ச் 23இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகருக்கருகே ஐந்து இடங்களில் குண்டடிபட்டும், தம்மைப் பிடிக்க வந்த எட்டுப் பேரில் அறுவரை வீழ்த்தி, இருவரைச் சிறைப்பிடித்துத் திரும்பினார். அதற்கு இரண்டாம் நிலை வீரப் பதக்கம் கிடைத்தது. 1949இல் அவர் மீண்டும் பணியில் சேர விரும்பியபோது, பொதுவுடைமையாளர் என்ற ஐயத்தால் காரணம் கூறாமலே மறுக்கப்பட்டார். ஏன் என்று அறியாமலே 1963இல் காலமானார்.

இரண்டாம் உலகப் போருக்காக வழங்கப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்ட கௌரவப் பதக்கங்களில், அதாவது மிக உயர்ந்த விருதுகளில், ஒன்றுகூடக் கறுப்பினத்தவருக்கு அன்று கிட்டவில்லை. 1993இல் தரைப்படை ஷா பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு இதனை ஆராய்ந்தது. 1996இல் காலக்கெடுவை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1997 சனவரி 13இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் எழுவருக்கு அவ்விருதை வழங்கினார். அவ்வெழுவரில் அன்று உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. கார்ட்டரின் விருதைக் குடும்பத்தார் பெற்றனர்.

கதை அங்கே முடியவில்லை. அவருடைய மருமகள் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவரின் ஏட்டில், மூன்றாண்டு ஒழுங்காகப் பணியாற்றிய சாதாரண வீரருக்கும் உரிய நன்னடத்தைப் பதக்கம் இல்லை! இடைவிடாத முயற்சிக்குப்பின், 1999 நவம்பரில் தரைப்படை அக்குடும்பத்திடம் மன்னிப்புக் கோரியது. திருத்திய பதிவுகளையும், நன்னடத்தைப் பதக்கம் உள்ளிட்ட மூன்று விடுபட்ட பதக்கங்களையும் அளித்தது.

பயனில்லாத பதக்கத்தை முதியவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. 'நான் அங்கே இருந்தேன். என் கடமையைச் செய்தேன்' என்று தாமே சொல்லிக்கொள்வது வேறு, நாடு ஒப்புக்கொண்டு எழுதித் தருவது வேறு. கார்ட்டரின் குடும்பத்தாருக்குப் பெரிய பதக்கத்தோடு நன்னடத்தைப் பதக்கமும் தேவைப்பட்டது. பழி சுமத்தப்பட்ட மனிதரின் நடத்தைக்கு அதுவே சான்று.

நம்மிற் பலர் நாளை அரசு அலுவலகங்களில் அமரப் போகிறோம். பிறருடைய பணிப்பதிவேடுகள் நம் பேனாவின் கீழ் வரும். மாலை மணி ஐந்தாகிறதே என்று நாம் விட்டுவிடும் ஒரு வரியைத் தேடி, ஒருவர் ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தள்ளாடியபடி வரக்கூடும். அன்று நாம் அந்த நாற்காலியில் இருக்கமாட்டோம். ஆகையால் அந்த வரியை அன்றே எழுதிவிட வேண்டும்.