சைக்கிள் கேரியரில் ஒரு குடும்பம்

கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. மோட்டார் சைக்கிள் போனால் நம்பர் பிளேட் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, எங்காவது வாகனச் சோதனையில் சிக்கவும் கூடும். சைக்கிள் போனால்? போனதுதான்!

"பழைய சைக்கிள்தானே, போகட்டும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் மிதிப்பவர்களாக இருப்பார்கள். பெங்களூரில் பூக்கூடை கட்டிப் போகிறவருக்கும், டீ கேன் மாட்டிப் போகிறவருக்கும் கணக்கு வேறு. டீக்காரர் தினமும் குறித்த நேரத்தில் குறித்த ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். சைக்கிள் களவு போய் நான்கு நாள் வராவிட்டால், அந்த வாசலில் ஐந்தாம் நாள் வேறொரு டீக்காரர் நிற்பார். கடைக்காரருக்குக் கடை எப்படியோ, அப்படித்தான் சைக்கிள் வியாபாரிக்கு அவர் சுற்றி வரும் தெருக்கள். சைக்கிளை மறுபடி வாங்கிவிடலாம். கைவிட்டுப் போன தெருவை வாங்க முடியாது.

மில் சங்கு ஊதிய காலம்

பெங்களூர்த் தமிழருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1884-ல் தொடங்கி, பிறகு பின்னி கம்பெனியின் கைக்கு வந்த பஞ்சு, கம்பளி, பட்டு ஆலை இங்கே பின்னிப்பேட்டை என்ற பெயரையே விட்டுச் சென்றிருக்கிறது. அந்த மில்லுக்கும் மற்ற மில்களுக்கும் ஷிப்டு வேலைக்குப் போன தமிழர்கள் பலர் ஸ்ரீராமபுரத்திலும் காட்டன்பேட்டையிலும் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்கள். பின்னால் 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. கம்பெனி பஸ்கள் பெருகும் வரை, சங்கு ஊதியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது சைக்கிள் கூட்டம்தான்.

அந்த நாளில் திருட்டே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காவல் இருந்தது. தொழிற்சாலை வாசலில் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு. வில்லை கொடுத்தால்தான் வண்டி வெளியே வரும். தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை. மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் பெயிண்டால் எழுதியிருக்கும். அதைத் திருடி எங்கே கொண்டுபோய் விற்பது? முகம் தெரியாதவருக்கு மணி வாடகைக்குச் சைக்கிள் தரவும் மாட்டார்கள். பல ஊர்களில் நகராட்சியும் பஞ்சாயத்தும் ஆண்டு வரி வாங்கிக்கொண்டு சைக்கிளுக்கு வில்லை கொடுத்தன. வரி என்றால் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். என்றாலும் அந்தச் சிறு தகரத் துண்டு "இது இன்னாருடைய வண்டி" என்பதற்குச் சாட்சியாக இருந்தது. வரி போனதோடு சாட்சியும் போய்விட்டது.

ஜப்பானில் நேர்மாறு. அங்கே 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். வண்டியில் ஒட்டும் பதிவு எண்ணைப் பார்த்து, சொந்தக்காரர் யார் என்று போலீசார் கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு பாரம்?

சைக்கிளில் எவ்வளவு ஏற்றலாம் என்று தயாரித்த கம்பெனியைக் கேட்டால் ஒரு பதில் வரும். நம்மவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்!

சமையல் கேஸ் சிலிண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ. இரும்பு உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. கேரியரின் இரு பக்கமும் கொக்கி போட்டு இரண்டு மாட்டினால் 60 கிலோ. நான்கு என்றால் 120. ஓட்டுபவரின் எடையைவிடச் சரக்கின் எடை இரு மடங்கு! இதற்குக் கடையில் வாங்கும் சாதாரண வண்டி தாங்காது. மேல்குழாய் இரண்டு உள்ள 'டபுள் பார்' சைக்கிள் வேண்டும். முன் போர்க்குக்கு முட்டுக் கம்பி வேண்டும். கேரியரைப் பட்டை இரும்பால் வெல்டிங் வைத்து, பின் அச்சோடு போல்ட்டு போட்டு முறுக்க வேண்டும். நிறுத்தும்போது சாயாமலிருக்க இரண்டு காலும் ஊன்றும் பெரிய ஸ்டாண்டு வேண்டும். ஒற்றைக் கால் ஸ்டாண்டை நம்பி டீ கேனை விட்டுப் போனால் டீ ரோட்டுக்குத்தான்.

கட்டுவதற்குக் கயிறு எல்லோரும் வைத்திருப்பார்கள். அனுபவசாலிகள் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி வைத்திருப்பார்கள். கயிறு குழியில் இறங்கி ஏறும்போது தளர்ந்துவிடும். ரப்பர் டியூப் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். செலவும் கிடையாது, பஞ்சர் கடையில் கேட்டால் கிடைக்கும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கேரியருக்கு மேலே உயரமாக அடுக்கினால், வளைவில் வண்டி ஓட்டுபவரையே இழுத்துக்கொண்டு சாயும். பின்னச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில்பார் சொன்னபடி கேட்காது. மேட்டில் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளவும் கூடும். பாரம் தாழ்வாக, இரு பக்கமும் சமமாக, பின்னச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ இருக்க வேண்டும். பால்காரர்கள் கேன்களைப் பக்கவாட்டில் தொங்கவிடுவதும், பூக்காரர்கள் கனமான மூட்டையை அடியிலும் கூடையை மேலேயும் கட்டுவதும் இந்தக் கணக்கில்தான். பெங்களூரோ மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர். இறக்கத்தில் 100 கிலோ பாரத்தோடு வரும் வண்டியைத் தேய்ந்த பிரேக் கட்டை நிறுத்தாது. பிரேக் கட்டை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் குறைவு.

பாரச் சைக்கிள் உலகச் சரித்திரத்திலும் இடம் பிடித்திருக்கிறது. 1954-ல் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டையில் பிரெஞ்சுப் படை தோற்றதற்கு ஒரு காரணம், மலைப் பாதைகளில் சைக்கிள்களில் வந்து சேர்ந்த அரிசியும் தளவாடமும். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றினார்கள். யாரும் ஏறி மிதிக்கவில்லை. ஹேண்டில்பாரில் நீளமான மூங்கிலைக் கட்டித் திருப்பினார்கள்; சீட்டுக்குப் பின்னால் இன்னொரு மூங்கிலை நட்டுத் தள்ளிக்கொண்டே போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல பிரான்சு நாட்டுப் பேஜோ கம்பெனியின் சைக்கிள்கள்!

நம் நாட்டிலும் 1960-களில் தும்பாவில் ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் எடுத்த அந்தப் படம் உலகம் சுற்றியது. விண்வெளிக்குப் போன சரக்கே கேரியரில் ஏறியிருக்கும்போது வாழைத்தாரை ஏற்ற யோசிப்பானேன்?

பஸ்ஸிலே ஸ்டாண்டு

2021-ன் தொடக்கத்தில் பெங்களூர் மாநகரப் பஸ் கழகமான பி.எம்.டி.சி. ஒரு புதுமை செய்தது. பஸ்ஸின் முன்புறம் இரும்புச் சட்டம் பொருத்தி அதில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் வசதி. முதலில் 100 பஸ்கள். ஒரு பஸ்ஸுக்கு இரண்டு சைக்கிள். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பஸ்களில் 1990-களில் பரவிய முறை இது. இதற்குச் சற்று முன்பு, 2020-ன் இறுதியில், மெட்ரோ ரயிலிலும் மடக்கு சைக்கிளை அனுமதித்தார்கள். உறையில் மூட வேண்டும். மடக்கினால் 60 செ.மீ. நீளம், 45 அகலம், 25 உயரத்துக்குள் அடங்க வேண்டும். எடை 15 கிலோவைத் தாண்டக் கூடாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு? பாரம் சுமக்கும் நம்மவர் சைக்கிள், சரக்கு இல்லாமலே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அது மடங்காது. அதைத் தூக்கிப் பஸ் முகப்பில் மாட்டுவதென்றால், பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் பொறுக்க வேண்டும். அதற்குள் சிக்னல் மூன்று முறை மாறிவிடும். கேரியர் வைத்த வண்டிக்காரருக்கு வேண்டியது வேறு: மார்க்கெட் வாசலிலும், பஸ் நிலையத்திலும், ரயில் நிலையத்திலும் பூட்டி வைக்க ஓர் இரும்புக் கம்பி, மேலே ஒரு கூரை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு இந்த அருமை நன்றாகத் தெரியும். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து வேலை செய்து, இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் ரயிலடியில் விட்டுவரும் வண்டி, இரவு இறங்கும்போது விட்ட இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், நாள் முழுதும் உழைத்துவிட்டு நடந்துதான் வீடு போக வேண்டும்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்த இடம் கட்டி, 2019-ல் முழுதும் திறந்தார்கள். முதல் 24 மணி நேரம் இலவசம். பெங்களூருக்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் நூறு வண்டிக்கு இடம் இருந்தாலே பெரிய காரியம்.

பூட்டு எங்கே போடுவது?

பின்சக்கரத்தில் பொருத்தியிருக்கும் வளையப் பூட்டைத்தான் பலரும் நம்புகிறார்கள். அது சக்கரம் சுழலாமல் தடுக்கும். வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ரிப்பேருக்குத் தள்ளிப் போவதுபோல் ஒருவர் நடந்தால் ரோட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆகவே இரண்டாவதாக ஒரு சங்கிலியும் பூட்டும் அவசியம். அந்தச் சங்கிலி சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துப் பிடித்து, நகராத இரும்போடு இணைய வேண்டும்: ஜன்னல் கம்பி, கம்பம், கேட். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு கட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது முன்சக்கரம் மட்டும் பத்திரமாக இருக்கும்! மேற்பக்கம் திறந்த குட்டையான கம்பத்தில் மாட்டினால் சங்கிலியோடு உருவி எடுத்துவிடலாம். சங்கிலி தரையில் தொங்கவும் கூடாது. தரையில் வைத்துச் சுத்தியலால் அடிப்பது சுலபம்.

ஒண்டுக் குடித்தன வளவுக்குள் நிற்கிறது என்று பூட்டாமல் விடுவதும், "ஒரு நிமிஷம்தானே" என்று மாடிக்குப் பேப்பர் போட ஏறுவதும் வண்டியைப் பறிகொடுப்பதற்கான வழி. கூட வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால், எல்லா வண்டியையும் ஒரே சங்கிலியில் கோத்துக் கட்டலாம். மூன்று சைக்கிளை ஒன்றாகத் தூக்கிப் போகும் பலசாலி இன்னும் பிறக்கவில்லை.

அடையாளமும் முக்கியம். ஒவ்வொரு சைக்கிளிலும் பிரேம் நம்பர் அடித்திருப்பார்கள். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, பெடல் அச்சு சுழலும் பெட்டிக்கு அடியிலோ அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, வண்டியைப் போட்டோ பிடித்து, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ள வேண்டும். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள் என்றால் இது இன்னும் அவசியம். ஒரே நிறம், ஒரே அச்சு. நம்பரைத் தவிர வேறு அடையாளம் சொல்ல முடியாது. வெல்டிங் கடையில் கேரியர் மாட்டும்போதே பெயரின் முதல் எழுத்தைப் பிரேமில் உளியால் பொறித்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள். பெயிண்ட் அடித்தாலும் அது மறையாது.

புகார் கொடுக்க வேண்டுமா?

வெளிமாநிலத்தில், பழைய சைக்கிளுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதற்கு நம்மவர்களுக்குத் தயக்கம். கன்னடம் சரியாக வராதே என்ற கூச்சம் வேறு. கன்னடத்திலும் அது 'களவு'தான். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி, திருட்டு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். பதிவான எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் ஏற்க மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதி அனுப்பலாம். பிடிபட்ட சைக்கிள்கள் ஸ்டேஷனில் குவிந்து கிடக்கும்போது, இது என்னுடையது என்று கேட்கப் புகாரும் பிரேம் நம்பரும்தான் கைகொடுக்கும்.

திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவிலும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது ஒன்று: பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவை தண்டனை பெறுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. பெரும்பாலான பழைய சைக்கிள்கள் இந்த மதிப்புக்குள்தான் அடங்கும்.

சைக்கிளைப் பறிகொடுத்தவர் அடுத்த நாளே மலிவாக ஒரு வண்டி தேடி குஜிரிக் கடைப் பக்கம் போவது இயல்பு. அங்கேதான் இன்னொரு ஆபத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால், 317-வது பிரிவின்படி வாங்கியவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிரேம் நம்பரை அரத்தால் ராவியிருக்கிறதா, பூட்டு உடைந்து சாவி இல்லாமல் இருக்கிறதா, பாதி விலைக்கும் கீழே சொல்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். விற்பவரின் பெயர், விலாசம், கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போட அவர் தயங்கினால், அந்த வண்டி அங்கேயே நிற்கட்டும்.