23 ஆண்டுகள் காத்திருந்த வாசகர்கள்!

தொடர்கதை படிப்பவர்களுக்கு ஒரு துன்பம் உண்டு. கதை நல்ல கட்டத்தில் இருக்கும். கதாநாயகன் பேராபத்தில் சிக்கி இருப்பான். அந்த இடத்தில் "தொடரும்" என்று போட்டு விடுவார்கள்!

வாரப் பத்திரிகை என்றால் 7 நாள் பொறுத்தால் போதும். அடுத்த பாகம் வெளிவர 2 ஆண்டு, 3 ஆண்டு ஆனால் என்ன செய்வது? கதையை எழுதியவரே பாதியில் இறந்து போனால்?

அமெரிக்காவில் அப்படி நடந்தது. ஒரே கதையின் முடிவுக்காக வாசகர்கள் 23 ஆண்டுகள் காத்திருந்தார்கள். கடைசியில் அந்தக் கதையை முடித்து வைத்தவர் யார் தெரியுமா? அவர்களோடு சேர்ந்து காத்துக் கிடந்த ஒரு வாசகர்தான்!

காலச் சக்கரம்

கதையின் பெயர் "தி வீல் ஆப் டைம்". "காலச் சக்கரம்" என்பது இதன் பொருள்.

இதை எழுதியவர் ராபர்ட் ஜோர்டான். இது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. 1948-ம் ஆண்டில், தெற்கு கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லஸ்டன் நகரில் பிறந்தார்.

வாலிப வயதில் வியட்நாம் போருக்குப் போனார். ஹெலிகாப்டரில் இருந்து சுடும் வீரராக இருந்தார். திரும்பி வந்து பவுதிகம் படித்தார். கடற்படைக்காக அணுசக்தி என்ஜினீயர் வேலை பார்த்தார். அதற்குப் பிறகுதான் எழுத்துத் துறைக்கு வந்தார்.

காலச் சக்கரம் ஒரு மாயாஜாலக் கதை. கிராமத்தில் ஆடு மேய்க்கும் வாலிபன் ஒருவன். உலகத்தையே அழிக்கப் பார்க்கும் தீய சக்தியோடு போர் செய்யப் பிறந்தவன் தான்தான் என்று அவனுக்குத் தெரிய வருகிறது. அந்தக் கடைசிப் போரை நோக்கியே கதை முழுவதும் போகிறது.

முதல் பாகம் 1990-ம் ஆண்டு ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 2-வது பாகமும் வந்து விட்டது. 1994-க்குள் 6 பாகங்கள் வந்தன. வாசகர்களுக்கு ஒரே கொண்டாட்டம்!

வேகம் குறைந்தது

அதன் பிறகு வேகம் குறைந்தது. 7-வது பாகம் 1996-லும், 8-வது பாகம் 1998-லும், 9-வது பாகம் 2000-த்திலும் வந்தன. 10-வது பாகம் 2003-ல் வந்தது. 11-வது பாகத்துக்கு 2005 வரை பொறுக்க வேண்டி இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் என்ன? ஒவ்வொரு பாகமும் தலையணை பருமன். பெயருள்ள பாத்திரங்கள் மட்டும் 2 ஆயிரத்துக்கு மேல். யார் எங்கே இருக்கிறார், யாருக்கு எது தெரியும் என்பதை எல்லாம் ஆசிரியர் நினைவில் வைத்து எழுத வேண்டும். கதை வளர வளர, எழுதுவதும் கடினம் ஆனது.

அதுவரை வாசகர்கள் என்ன செய்தார்கள்? புதிய பாகம் வரப்போகிறது என்றால், பலர் முதல் பாகத்தில் இருந்து மீண்டும் படிப்பார்கள். முன்பு கவனிக்காத குறிப்புகள் அப்போது கண்ணில் படும்.

இன்னொரு பொழுதுபோக்கும் இருந்தது. 1993-ல் வந்த 5-வது பாகத்தில் ஒரு பாத்திரம் கொலை செய்யப்படுகிறது. கொன்றது யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. "இவர்தான்", "இல்லை, அவர்தான்" என்று வாசகர்கள் வாதம் செய்தார்கள். ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல; 17 ஆண்டுகள்! 2010-ல் வந்த 13-வது பாகத்தின் கடைசிப் பக்கங்களில், சொற்களுக்கு விளக்கம் தரும் பட்டியலில்தான் விடை கிடைத்தது.

கோபப்பட்டவர்களும் உண்டு. 10-வது பாகம் வந்தபோது, "இத்தனை பக்கம் எழுதியும் கதை நகரவில்லையே!" என்று பலர் குறைப்பட்டுக் கொண்டார்கள்.

இடி போன்ற செய்தி

2006-ம் ஆண்டில் ஒரு செய்தி வந்தது. ஜோர்டானுக்கு அபூர்வமான நோய் வந்திருந்தது. உடலில் ஒருவகைப் புரதம் படிந்து இதயத்தைக் கெடுக்கும் நோய் அது.

கதையில் இன்னும் ஒரு பாகம் பாக்கி இருந்தது. ஜோர்டான் சிகிச்சை செய்துகொண்டே எழுதினார். கதையின் கடைசிக் காட்சியை எழுதி வைத்து விட்டார். எழுத முடியாத பகுதிகளை வீட்டாரிடம் வாயால் சொன்னார். குறிப்புகளும் சேர்ந்தன.

2007 செப்டம்பர் 16-ந் தேதி அவர் காலமானார். வயது 58. கதை முடியவில்லை.

மனைவியின் முடிவு

அவருடைய மனைவி ஹேரியட் மெக்டூகல், பதிப்பகத்தில் ஆசிரியர் வேலை பார்த்து அனுபவம் பெற்றவர். கணவரின் கதைகளைத் திருத்திச் செப்பனிட்டவரும் அவரே. கதையை முடிக்கத் தகுந்த ஒருவரைத் தேடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அப்போது ஒரு இரங்கல் கட்டுரை அவர் கைக்கு வந்தது. எழுதியவர் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர்.

இந்த சாண்டர்சன் யார்? 1990-ல் முதல் பாகம் வந்தபோது அவர் 14 வயதுச் சிறுவன். அதைப் படித்து மயங்கியவர். அன்று முதல் மற்றவர்களைப் போலவே ஒவ்வொரு பாகத்துக்கும் காத்திருந்தவர். தானும் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஓட்டலில் இரவு வேலை பார்த்தபடி கதைகள் எழுதினார். 2005-ல்தான் அவருடைய முதல் நாவல் அச்சில் வந்தது.

ஹேரியட் அவரை டெலிபோனில் அழைத்தார். கதையை முடித்துத் தர விருப்பமா என்று கேட்டார். சாண்டர்சன் அதற்காக மனுப் போட்டவர் அல்ல. தேடி வந்த அழைப்பு அது!

முடிவு வந்தது

சாண்டர்சன் சார்லஸ்டனில் உள்ள வீட்டுக்குப் போனார். ஜோர்டான் எழுதி வைத்திருந்த கடைசிக் காட்சியைப் படித்தார். பதினேழு ஆண்டுகளாக மனதில் இருந்த கேள்விக்கு விடை தெரிந்து விட்டது. ஆனால் வெளியே சொல்ல முடியாது!

ஒரே பாகமாக முடிக்க நினைத்த கதை, 3 பாகங்களாக வளர்ந்தது. அவை 2009, 2010, 2013-ம் ஆண்டுகளில் வந்தன. நடை கொஞ்சம் மாறி இருப்பதை வாசகர்கள் கண்டுகொண்டார்கள். ஆயினும் 2013 ஜனவரியில் 14-வது பாகம் வந்தபோது, 23 ஆண்டுக் கதைக்கு முடிவு கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பாகம் படித்த பிள்ளைகள், அதற்குள் பிள்ளை குட்டி பெற்றவர்கள் ஆகி இருந்தார்கள்.

நம் நாட்டிலும் இதுபோல் ஒன்று நடந்தது. கல்கி "அமரதாரா" கதையை எழுதிக் கொண்டிருந்தபோது, 1954 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். அதை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

அடுத்த பாகம் தாமதம் ஆனால் வாசகருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் எழுதுகிறவரும் மனிதர்தான். அவருக்கும் நோய் உண்டு, முதுமை உண்டு. ஜோர்டான் தம் கடைசி நாட்களிலும் வாசகரை மறக்கவில்லை. அவர் விட்டுச் சென்ற கதையை ஒரு வாசகர் கைவிடவில்லை.