மாதவிலக்கும் சுகரும்: நோட்டில் எழுத வேண்டிய இன்னொரு தேதி



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஊக்குநர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயது 38. மூன்று வருடமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார்.

"சாப்பாடு, மாத்திரை எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கேன் மேடம். ஒரு வாரம் வெறும் வயித்துல 125 இருக்குது, இன்னொரு வாரம் 160 காட்டுது. திருட்டுத்தனமா இனிப்பு தின்னுறேன்னு வீட்ல சொல்றாங்க" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார்.

பயந்துபோய் அவராகவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டிருக்கிறார். நாலு நாள் கழித்து, மாதவிலக்கு வந்த மறுநாள், களை எடுக்கும்போது வேர்த்துக்கொட்டி, கை நடுங்கி, வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

சுகர் பார்த்த சீட்டுகளையும் அவருக்கு மாதவிலக்கு வந்த தேதிகளையும் சேர்த்துப் பார்த்தோம். சுகர் ஏறியிருந்தது பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில்தான்! அக்கா இனிப்பு சாப்பிடவில்லை.

ஏன் ஏறுகிறது?

சினைமுட்டை வெளியான பிறகு, அதாவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பிருந்து, புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் உடம்பில் கூடுகிறது. அந்த நாட்களில் இன்சுலின் வழக்கம்போல நன்றாக வேலை செய்வதில்லை. அதனால் ரத்தத்தில் சர்க்கரை தங்கிவிடுகிறது. பசியும் கூடுதலாக எடுக்கும். மாதவிலக்கு வரும் சமயத்தில் ஹார்மோன் இறங்கிவிடும், சுகரும் இறங்கும். அக்கா கூடுதலாகப் போட்ட மாத்திரை அப்போதுதான் ஆபத்தானது.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்றால், இல்லை. சிலருக்கு மாற்றமே தெரியாது. சுகர் இல்லாதவர்களுக்கு உடம்பே கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துக்கொள்ளும்.

நாம் என்ன செய்யலாம்?

* சுகர் பார்க்கும்போதெல்லாம் அளவோடு மாதவிலக்கு வந்த தேதியையும் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் உங்கள் கணக்கு உங்களுக்கே புரியும்.
* மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்சிடம் சொல்லுங்கள்.
* வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.
* முந்தைய வாரத்தில் பசித்தால் பன், முறுக்கு வேண்டாம். சுண்டல், மோர், வெள்ளரிக்காய் நல்லது.
* ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்டில் கணக்கு தப்பாக வரலாம்.
* சுகர் உள்ளவர்களுக்கு நாள் தள்ளிப்போனால் உடனே பரிசோதியுங்கள். கர்ப்பமாக இருந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வருகிறது, முகத்தில் முடி வளர்கிறது, எடை கூடுகிறது என்றால் அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். அவர்களுக்கு சுகர் வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகளுக்கு இப்படி இருந்தால் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த அக்கா இப்போது குழு வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதி வருகிறார். டாக்டரும் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றிக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இனிப்புப் பேச்சை நிறுத்திவிட்டாராம்.

பத்து ரூபாய் கடனுக்கும் தேதி போட்டு எழுதும் நமக்கு, நம் உடம்புக்கு ஒரு தேதி எழுத நேரம் இல்லையா? அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசியுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

உங்கள் சகோதரி,
கள ஒருங்கிணைப்பாளர்