வலி சொல்லாத வயிறு

முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்கோ நெஞ்சுக்கோ கீழே உணர்ச்சி இழந்தவர்கள் நம் குடும்பங்களில் பலர். 2009 வரை நீடித்த போரில் செல் துண்டு பட்டவர்களும் உளர். மரத்தால் விழுந்தவர்களும் உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கிநின்று தேசிய வைத்தியசாலைக்கும் றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்கும் போய்வரும் குடும்பங்கள் படுக்கைப் புண்ணைப் பற்றி நன்கு அறிவர். வயிற்றுக்குள் வரும் ஆபத்தையும் அறிவது அவசியம்.

குடல்வால் அழற்சி, குடலடைப்பு, இரைப்பைப் புண் வெடித்தல் என்பன மற்றவர்களை வலியால் துடிக்கவைக்கும். இவர்களுக்கோ, மடை அடைபட்டால் நீர் வயலுக்கு வராததுபோல, வலிச் செய்தி மூளைக்கு வராமற் போகலாம். நோய் மட்டும் வளரும். "நோகவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்று இருந்துவிட்டால் குடல்வால் வெடித்த பின்னரே தெரியவரும்.

ஆயினும் உடல் வேறு வழிகளில் பேசும். வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் ஒரு நரம்பு முள்ளந்தண்டு வழியாகப் போவதில்லை. ஆகவே பசியின்மை, குமட்டல், வாந்தி தோன்றலாம். வயிறு ஊதுதல், காய்ச்சல், தோள்மூட்டில் காரணமற்ற நோவு, கால்கள் வழமையைவிட அதிகம் இழுத்தல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

நெஞ்சுக்குழி வரையோ அதற்கு மேலோ உணர்ச்சி அற்றவர்களுக்கு இன்னோர் அபாயமும் உண்டு. திடீரெனத் தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை, கூடவே இரத்த அழுத்தம் ஏறுதல். நிரம்பிய சிறுநீர்ப்பை இவ்வாறு அழுத்தத்தை ஏற்றுவதை இங்கிலாந்தில் குட்மன், விற்றறிட்ஜ் ஆகியோர் 1947 இல் விளக்கினர். இப்படி நேர்ந்தால் நோயாளியை நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடைகளைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடிந்துள்ளதா, அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். குறையாவிட்டால் தாமதிக்கலாகாது. காரணம் வயிற்றுக்குள்ளும் இருக்கலாம்.

வயிற்றில் சந்தேகம் எழுந்தால் பேதி மருந்தோ சாப்பாடோ கொடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் கிடைக்கும்.

வைத்தியரிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: உணர்ச்சி எதுவரை உண்டு, வழமையான இரத்த அழுத்தம் எவ்வளவு, இன்று என்ன மாறியுள்ளது. இவர்களில் பலருக்கு வழமையான அழுத்தம் குறைவாகவே இருக்கும் என்பதால், பிறருக்குச் சாதாரணமான அளவும் இவர்களுக்கு ஏற்றமாகலாம். தொட்டுப் பார்த்து நோவைக் கேட்பது இங்கே போதாது; இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் தேவைப்படும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி இன்றே சக்கர நாற்காலியில் கட்டி வைப்போம். தினமும் அருகிலிருந்து பார்க்கும் நமக்கே மாற்றம் முதலில் தெரியும்.